மூன்று சீல்களும் ஒரு சாரத்துண்டும்

“மேற்படி பஸ் வண்டியின் எஞ்சினில் ஏற்பட்ட ஒயில் ஒழுக்கானது, சாரதி ஒயில் அளவுக் கம்பியை உரிய முறையில் செருகாமல் வாகனத்தைச் செலுத்தியதாலும், அளவுக்கு மிஞ்சி ஒயில் நிரப்பியதாலும் ஏற்பட்டது என்பதை எனது இருபத்தெட்டு வருட அனுபவத்தைக் கொண்டு உறுதிப்படுத்துகிறேன்.”

ஒக்டோபர் மாதத்து மூன்றாம் புதன்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, மன்னார்த் தீவில் நான் வேலை செய்த கராஜின் அலுவலக அறையில், கந்தோர் மேசையில் இது எழுதப்பட்டது. எழுதியவன் நான். காபன் தாளில் எடுத்த பிரதி இன்னமும் என்னிடம் இருக்கிறது. ஆண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதையும் எழுதினால் எந்த பஸ் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். பஸ் முதலாளி இன்றும் நல்ல சுகத்தோடும் கையில் தொலைபேசியோடும் இருக்கிறார்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் அந்தக் கடிதத்தை ஒருமுறை திரும்ப வாசியுங்கள். தேதி சரி. கையெழுத்து அழகு. இருபத்தெட்டு வருடம் என்பதும் உண்மை. மற்றதெல்லாம் பொய். நான் அதை நம்பித்தான் எழுதினேன் என்பது எனக்குச் சாதகமான செய்தி என்று நினைத்துவிடாதீர்கள்.

அது மன்னாரிலிருந்து முசலி வழியாக முள்ளிக்குளம் போய்வரும் தனியார் பஸ். ஓட்டியவர் ரவி. சின்ன வயதில் கடல் கடந்து போய், இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பத்தொன்பது வருடம் இருந்து, லொறி ஓட்டப் பழகி, மனைவி பிள்ளைகளோடு திரும்பி வந்தவர். எங்கள் கராஜில் அவரை ரவி என்று யாரும் கூப்பிடுவதில்லை. ‘மண்டபம்’ என்போம். அவர் ‘ஆயில்’ என்பார். நாங்கள் ‘ஒயில்’ என்போம். ஒயில் என்கிறவனுக்குத்தான் எஞ்சின் தெரியும் என்பது அங்கே யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விதி.

எஞ்சினுக்குள் ஒயிலை அடைத்து வைத்திருப்பவர்கள் இரண்டு ஏழைகள். ஒருவர், இரும்பு மூடிகளுக்கு இடையில் நசுங்கிக் கிடக்கும் கஸ்கட். மற்றவர், சுழலும் தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் றப்பர் சீல். இருவரும் வாய் திறந்து பேசமாட்டார்கள். அதனால் எது நடந்தாலும் முதலில் அவர்களைத்தான் பிடிப்போம்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பஸ் வந்தது. எஞ்சினின் பின் சீல் ஒழுகுகிறது. கியர்பொக்ஸை இறக்குவது எப்படி, பழைய சீலைத் தோண்டி எடுப்பது எப்படி என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குத் தொலைபேசியில் ஆயிரம் படம் இருக்கிறது. நீங்கள் எப்படியும் அதைத்தான் பார்ப்பீர்கள். புதிய சீல் போட்டோம். பழையது மட்டமான சாமான் என்று தீர்ப்பு வழங்கினேன்.

செப்டெம்பர் நடுவில் அதே பஸ், அதே இடம், அதே ஒழுக்கு. இந்த முறை தண்டில் நகக்கண் அளவு ஒரு தேய்மானக் கோடு தெரிந்தது. புதிய சீலை அந்தக் கோட்டுக்கு இரண்டு மில்லிமீற்றர் தள்ளி உட்கார வைத்தேன். இது நல்ல வித்தை. நீங்களும் செய்யலாம். அன்று மத்தியானம் அந்த வித்தையைக் கராஜில் இருந்த எல்லோருக்கும் விளங்கப்படுத்தினேன், கேட்காதவர்களுக்கும் சேர்த்து.

அப்போதுதான் ரவி பக்கத்தில் வந்து நின்று சொன்னார்.

“அண்ணே, போன தடவையும் சொன்னேன். டிப் ஸ்டிக் தானா எந்திரிக்குது. அழுத்தி வைச்சாலும் முசலி தாண்டுறதுக்குள்ள மேல வந்துடுது. ஆயில் தெறிக்குது. அதான் டியூப் றப்பர வெட்டிக் கட்டி வைச்சிருக்கேன்.”

உண்மைதான். ஒயில் அளவுக் கம்பியின் தலையில் சைக்கிள் டியூப் துண்டொன்று, காயத்துக்குப் போட்ட கட்டுப்போல, இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

“கம்பிக்குக் காலில்லைத் தம்பி,” என்றேன். “எழும்பிறதெண்டா நீர்தான் வடிவாச் செருகேல்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பகிடி என்று நானும் நினைத்தேன். அந்த நாளுக்குரிய என் குறிப்புப் புத்தகத்தில் சீலின் அளவு இருக்கிறது, தண்டின் தேய்மானம் இருக்கிறது. சாரதி சொன்னது இல்லை. பகிடி மட்டும் இருக்கிறது.

ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை, பஸ் முசலி தாண்டிச் செம்மண் றோட்டில் போய்க்கொண்டிருந்தபோது ஒயில் அழுத்த விளக்கு எரிந்தது. ரவி அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டார். இன்னும் ஒரு கிலோமீற்றர் ஓட்டியிருந்தால் எஞ்சின் இறுகிப்போயிருக்கும். நிறுத்தியதால் பஸ் நிறையச் சனம் வெயிலில் நின்றது. அதில் ஒருவர் பள்ளிக்கூட அதிபர். அதிபர்மாருக்கு முதலாளிமாரின் தொலைபேசி இலக்கம் எப்படியோ தெரிந்திருக்கும்.

பஸ்ஸை இழுத்து வந்தார்கள். மூன்றாவது சீல் வாங்க ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத்திலுள்ள உதிரிப்பாகக் கடைக்கு நானே போனேன். கடைக்காரர் முசலி ஆள், முஸ்லிம்; நானா என்றுதான் கூப்பிடுவோம். இழுப்பறையிலிருந்து, எங்கள் சொல்லில் லாச்சியிலிருந்து, சீலை எடுத்து மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பாஸ், இந்த பஸ்ஸுக்கெண்டு ஒரு லாச்சிய ஒதுக்கி வைக்கட்டா? தேடுற வேலை மிச்சம்.”

எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை ‘பாஸ்’ என்பார்கள். அந்தச் சொல்லில் மரியாதை இருக்கிறதா இல்லையா என்பது சொல்கிறவரின் முகத்தில்தான் தெரியும். அன்று தெரிந்தது.

“சாமான் சரியில்லை நானா,” என்றேன்.

“மூணும் மூணு கொம்பனி பாஸ். மூணு பேரும் ஒண்டாச் சேர்ந்து ஒங்களுக்கு மட்டும் சதி செய்றாங்களா?”

அந்தக் கேள்வியோடு நான் அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். சீலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் தடவை சீலைக் குற்றம் சொன்னோம். இரண்டாம் தடவை தண்டை. மூன்றாம் தடவை குற்றம் சொல்ல இரும்பு எதுவும் மிச்சமிருக்கவில்லை. ஆகவே மனிதனைப் பிடித்தோம். மனிதனும் கைக்கெட்டும் தூரத்தில், டியூப் றப்பரோடு நின்றான்.

புதன்கிழமை காலை பஸ் முதலாளி வந்தார். கந்தோர்க் கதிரையில் அமர்ந்து, நெற்றியைத் துடைத்தார்.

“பாஸ், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சங்கக் கூட்டம். அதிபர் அங்கையும் முறைப்பாடு குடுத்திருக்கிறார். நான் ஒரு பதில் சொல்லவேணும். அந்த மண்டபத்தான்ர பிழை எண்டு ஒரு கடிதம் தாங்கோ.”

பஸ் முதலாளிமாரின் சங்கத்தில் அப்படி ஒரு கடிதம் வாசிக்கப்பட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாரதிக்கு மன்னாரிலோ அடம்பன் பக்கமோ யாரும் பஸ் கொடுக்கமாட்டார்கள். எழுதிவைத்த தடையெல்லாம் கிடையாது. கேட்கப் போகும் இடத்தில் தேத்தண்ணீர் தருவார்கள். வண்டிச் சாவி தரமாட்டார்கள். முகாமிலிருந்து வந்தவருக்கு வேறு தொழில் தெரியாது, வேறு ஊரும் இல்லை. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் பேனையைத் திறந்தேன். எழுத்துக்காரன் என்று பெயரெடுத்தவனிடம் கடிதம் கேட்டால் அவனுக்கு வரும் மகிழ்ச்சியை நீங்கள் குறைத்து எண்ணக்கூடாது. ‘மேற்படி’ என்ற சொல்லைப் போட்டபோது நானே ஒரு நீதவான் ஆகிவிட்டேன்.

பின்னேரம் ரவி வந்தார். கராஜ் வாசலைத் தாண்டவில்லை.

“அண்ணே, நீங்க எழுதினதா?”

“ஓம்.”

“கம்பி எந்திரிக்கிறத உங்ககிட்டதானே ரெண்டு தடவை சொன்னேன்?”

நான் ஸ்பானரைத் துடைத்தேன். அது துடைக்கத் தேவையில்லாத ஸ்பானர்.

“வேலை முடிஞ்சு ஸ்டார்ட் பண்ணையில ஒரு பத்து நிமிசம் எனக்குக் குடுங்க. கம்பிய நீங்களே செருகுங்க. ஆயில நீங்களே அளந்து ஊத்துங்க. நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். எந்திரிக்கலேன்னா நான் ஒண்ணும் கேக்கமாட்டேன், போயிடுறேன்.”

“வெள்ளிக்கிழமை காலமை வாரும்,” என்றேன். என் மேல் எனக்குச் சந்தேகம் வந்து சொன்னதல்ல. அவரை அங்கிருந்து அனுப்புவதற்குச் சொன்னது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு எஞ்சினை இயக்கினேன். புதிய சீல், சரியான அளவு ஒயில், கம்பியை என் கையால் அடிவரை அழுத்திச் செருகினேன். டியூப் றப்பர் இல்லை. ரவி சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேகத்தைக் கூட்டி வைத்தேன். ஆறாவது நிமிடம் கம்பியின் தலை மெல்ல அசைந்தது. எட்டாவது நிமிடம் இரண்டு விரல் உயரம் எழும்பி நின்றது. பாம்பாட்டி யாரும் பக்கத்தில் இல்லை.

ரவி என்னைப் பார்த்து, “கால் முளைச்சிட்டுதா அண்ணே?” என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய அடி.

ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். உள்ளிருந்து காற்று முகத்தில் அடித்தது. எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம் வெளியே போக வழி தேடி, எந்தச் சீல் இளகியதோ அதைத் தள்ளிக்கொண்டு, ஒயிலையும் கூட்டிக்கொண்டு போகிறது. நான் மூன்று மாதமாக வாசற்கதவை மாற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே நெரிபட்ட கூட்டத்தை எண்ணிப் பார்க்கவில்லை. புகை நீலமாகவில்லை, ஆகவே பிஸ்டன் றிங் தேயவில்லை. மிச்சமிருப்பது ஒன்றுதான்: எஞ்சின் மூச்சுவிடும் குழாய். நாங்கள் பிறீதர் என்போம். பிளொக்கின் பக்கவாட்டில், கீழே படுத்து வெளிச்சம் அடித்தால் மட்டும் தெரியும் இடத்தில் இருக்கிறது. எஞ்சினின் பின்பக்கத்தையே மூன்று தடவை பார்த்தவனுக்குப் பக்கவாட்டில் என்ன வேலை?

ஒயில் மூடியைத் திரும்பப் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டபடியே கீழே போய்ப் படுத்தேன். குழாயின் வாயில் ஒரு துணி கட்டியிருந்தது.

இதைத் தீவுக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டும். மன்னாரில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கினால் மணல் சோற்றுக்குள் போகும், காதுக்குள் போகும், பூட்டிய அலுமாரிக்குள்ளும் போகும். எஞ்சினுக்குள் போகாமல் இருக்க எங்கள் கராஜ் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. காற்று எழும்பும் காலத்தில் பிறீதர் வாயைத் துணியால் சுற்றிக் கம்பியால் கட்டுவோம். காற்று விழுந்ததும் அவிழ்ப்போம். எஞ்சினைச் செய்தவர்களுக்குத் தோன்றாத யோசனை என்று எங்களுக்குப் பெருமை. துணி ஒயில் ஆவியைக் குடிக்கும், செம்மண் தூசி அதில் ஒட்டும், இரண்டு மாதத்தில் அது செங்கல்லாகும் என்பதும் அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். கட்டுவதை எல்லோரும் செய்தோம். அவிழ்ப்பது யார் என்று யாரும் கேட்டதில்லை. ஊர்ச் சாரதிமாருக்கு அது வழக்கம், தாங்களே அவிழ்ப்பார்கள் என்று நம்பியிருந்தோம். மண்டபத்தில் சோளகத்துக்கு வேறு பெயர். துணி கட்டும் வழக்கமும் இல்லை. அவருக்கு நான் சொன்னேனா? சொன்னதாக ஒரு ஞாபகம். குறிப்புப் புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான்: “மே, கடைசிச் சனி. முள்ளிக்குளம் பஸ். பிறீதர் கட்டியது.” என் கையெழுத்து.

துணியை வெட்டி எடுத்தேன். வெளிப்பக்கம் கல். உள்மடிப்பைப் பிரித்தால் நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட சாரம், இடுப்பில் உடுக்கும் லுங்கி. என் சாரம். மே மாதத்தில் என் மனைவி அதை வீடெல்லாம் தேடினாள். கொடியிலிருந்து காற்று கொண்டுபோயிருக்கும் என்று நான் சொல்லியிருந்தேன்.

மேலேயிருந்து ரவியின் குரல் கேட்டது. “அண்ணே, இறங்கிட்டுது. கம்பி இறங்கிட்டுது.”

நான் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை. அனுபவம் என்பது இந்த மாதிரி நேரத்தில்தான் உதவும்: சாரத்துண்டைச் சட்டைப்பையில் திணிக்க எனக்கு மூன்று விநாடி போதுமாக இருந்தது.

வெளியே வந்து, “பிறீதர் அடைச்சுக் கிடந்தது. தூசி,” என்றேன்.

பொய் இல்லை. அதில் முக்கால்வாசி தூசிதான்.

“அப்ப என்மேல பிழை இல்லதானே?”

“இல்லை.”

“அத எழுதித் தருவீங்களா?”

“முதலாளியோட கதைக்கிறன்.”

கதைத்தேன். அவர் பன்னிரண்டு மணிக்கு வந்து, பஸ்ஸைச் சுற்றிப் பார்த்து, சந்தோசப்பட்டார். கடிதத்தைத் திருப்பித் தாங்கோ என்று கேட்டேன். சாரதியில் பிழை இல்லை, தூசி அடைத்திருந்தது என்றேன்.

“தூசி அடைச்சா அதைப் பாக்கிறது ஆர்? சாரதிதானே? அப்ப உங்கட கடிதம் இன்னும் பலமாத்தான் நிக்குது பாஸ்.”

என் அரை உண்மையை எடுத்து என் பொய்க்கே முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ஆளைக் குற்றம் சொல்லமுடியாது. நான் கொடுத்த சாமானை வைத்துத்தானே அவர் வேலை செய்யவேண்டும்.

நாலு மணிக் கூட்டத்துக்குப் போனேன். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சாரத்துண்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். ஏன் எறியவில்லை என்று கேட்டால், ஆதாரத்தை அழித்தவன் ஆக விருப்பமில்லை. காட்டியவன் ஆகவும் விருப்பமில்லை. சட்டைப்பை இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

சங்கத்தின் கூட்ட அறையில் ஆறு முதலாளிமார். ரவியை உள்ளே விடவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றார். முதலாளி எழுந்து என் கடிதத்தை வாசித்தார். ‘மேற்படி’ என்ற இடத்தில் குரலை உயர்த்தினார். ‘இருபத்தெட்டு வருட அனுபவத்தைக் கொண்டு’ என்று வந்தபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்த கண்கள் முகத்தில் நிற்கவில்லை, கீழே இறங்கின.

கிழக்கோரக் கதிரையில் இருந்த வயதான முதலாளி ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

“பாஸ், உங்கட சட்டையில ஒயில் ஒழுகுது.”

குனிந்து பார்த்தேன். பத்திரிகைத் தாள் ஊறி, வெள்ளைச் சட்டையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு வட்டம் பரவியிருந்தது. மூன்று மாதமாக நான் தேடிய ஒழுக்கு நெஞ்சில் வந்து நின்றது. அதற்குப் போட என்னிடம் சீல் இருக்கவில்லை.

எடுத்து மேசையில் வைத்தேன். பிரித்துக் காட்டினேன்.

“இது பிறீதர்ல கட்டியிருந்தது. இதாலதான் மூண்டு சீலும் போனது. கட்டினது நான். அவிழ்க்காததும் நான். அவர் கம்பி எழும்புதெண்டு ரெண்டு தரம் சொன்னவர், நான் பகிடி பண்ணினனான். விளக்கு எரிஞ்ச உடன அவர் நிப்பாட்டினபடியாத்தான் எஞ்சின் தப்பினது. கடிதம் பிழை.”

முதலாளி துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது நீங்கள் கட்டுற சாரமெல்லோ?”

“ஓம்.”

நான் வசவுக்குத் தயாராக நின்றேன். வந்தது வேறு. கிழக்கோரத்து முதலாளி மெதுவாகக் கேட்டார்: “மே மாசம் என்ர பஸ்ஸிலயும் கட்டினீங்களோ?”

“ஓம்.”

“அவிழ்த்தனீங்களோ?”

நான் யோசித்தேன். அந்த யோசனை அவருக்குப் போதுமாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள். கூட்டம் அதோடு முடிந்தது. முடிந்ததாக யாரும் அறிவிக்கவில்லை. வெளியே நின்ற பஸ்களுக்கு அடியில், சந்தனப் பொட்டும் வெள்ளை வேட்டியுமாக மன்னாரின் போக்குவரத்துத் துறை மல்லாந்து கிடந்தது. ஆறில் நான்கு பஸ்களில் துணி இருந்தது. நல்லவேளை, எதுவும் சாரம் இல்லை.

ரவி படியில் நின்று பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“அண்ணே, குறடு இருக்கா? அந்தப் பெரியவரால துணி கட்டின கம்பிய அவுக்க முடியல.”

குறட்டைக் கொடுத்தேன். அவரே போய்ப் படுத்து அவிழ்த்தார்.

அன்றே, கராஜின் அதே கந்தோர் மேசையில், இரண்டாவது கடிதம் எழுதினேன். ‘மேற்படி’ இல்லாமல். ரவி அதை நின்றபடி முழுவதும் வாசித்தார். திருப்பித் தந்து, “ரெண்டு தடவை சொன்னேங்கிறதையும் போடுங்க,” என்றார். போட்டேன். நான்காக மடித்துக் கொண்டுபோனார். திங்கட்கிழமை அதே பஸ்ஸை எடுத்தார். நான் வேலையிலிருந்து விலகும்வரை அந்தச் சீல் ஒழுகவில்லை. கராஜில் அவரை ரவி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நான் கொஞ்சம் பிந்தித்தான் தொடங்கினேன்.

ஒழுகுகிற இடத்தை அடைக்க எல்லோருக்கும் தெரியும். எது உள்ளிருந்து தள்ளுகிறது என்று பாருங்கள். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். எனக்கு மூன்று சீல் ஆனது. வண்டியில் நாள் முழுக்க இருக்கிறவன் சொல்வதைப் பகிடிக்கு முன்னால் குறிப்பில் எழுதுங்கள். துணி கட்டினால், அவிழ்க்கும் நாளையும் அதே வரியில் எழுதுங்கள். கடிதம் எழுதச் சொன்னால், உங்கள் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், முதலில் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள்.

ஒரு விடயம் பாக்கி. முதலாவது கடிதத்தின் மூலப்பிரதி அன்று முதலாளியின் கையில் இருந்தது. பஸ்ஸுக்கு அடியிலிருந்து எழும்பி வந்தபோது அது அவரிடம் இல்லை. அடுத்த நாள் கேட்டேன், கிழித்துப்போட்டதாகச் சொன்னார். சங்கத்தில் கேட்டேன், கடிதங்களைக் கோத்து வைக்கும் தங்கள் கோவையில் இருக்காது என்றார்கள்; கோவையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. கிழித்த துண்டை நானும் காணவில்லை, ரவியும் காணவில்லை. ஆகவே அந்தக் கடிதம் அழிந்துவிட்டது என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. உங்களில் யாராவது ஒரு பழைய கோவையைப் புரட்டும்போது ‘மேற்படி பஸ் வண்டியின்’ என்று தொடங்கும் தாள் கையில் அகப்பட்டால், அதில் சாரதி மேல் சொன்ன குற்றத்தை நம்பாதீர்கள். கீழேயுள்ள கையெழுத்தை மட்டும் நம்பலாம்.